நாணலுக்குள்ளிருந்து ஒரு ‘ம்’

எங்கள் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம் மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்காக விருது வாங்கிய கட்டடம். அறையில் ஆள் அசையாமல் இருந்தால் விளக்கு தானாகவே அணைந்துவிடும். இங்கே ஒலி ஆய்வகம் என்று ஒன்று வரப்போகிறது, அதில் ஒரு மனிதன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொம்மைபோல உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும் என்று கட்டியவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நான் கையைத் தூக்கி ஆட்டவேண்டும். இல்லாவிட்டால் இருட்டு. விடை தெரிந்த மாணவன் மாதிரி கை தூக்கித் தூக்கியே என் உத்தியோகம் முக்கால்வாசி ஓடிவிட்டது.

சத்தத்தைச் சலவை செய்வதுதான் அந்த உத்தியோகம். ஆராய்ச்சி மாணவர்கள் காட்டிலும் குளத்திலும் பதிவு செய்துகொண்டு வருவார்கள். தவளை வேண்டும் என்றால் தவளையை மட்டும் விட்டுவைத்து லாரி, காற்று, செருப்பு, இருமல் எல்லாவற்றையும் வெட்டி எறிவேன். முக்கியமாக மனிதச் சத்தத்தை. பறவை கூவும் நேரம் பார்த்து மூக்கை உறிஞ்சுகிற விஞ்ஞானிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று காலை பொறுமை கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். பொறுமை என்பது அவள் பெயரல்ல. என் மனைவியிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் அடுத்தடுத்து இரண்டு மைக்கைச் சேற்றில் போட்டவளுக்கு என் மனைவி வைத்த பட்டப்பெயர். பெயர் ஒட்டிக்கொண்டது, குணம்தான் வந்தபாடில்லை.

“சார், பதில் வந்துடுச்சு,” என்றாள். அவளுடைய காலில் முழங்கால்வரை காய்ந்த சேறு. முந்தின நாள் மாலையிலிருந்து வீட்டுக்கே போகவில்லை என்று தோன்றியது.

“யார்கிட்டேருந்து?”

“நாணல்கோழி சார். நம்ம சாம்பல் நாணல்கோழி. நான் குரலைப் போட்டேன், மேற்குப் பக்கத்துலேருந்து பதில் வந்துச்சு. ஒரு தடவை இல்ல, போட்டப்பல்லாம் வந்துச்சு.”

நான் நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னேன். இது சாதாரணச் செய்தி இல்லை. நகரத்தின் ஓரத்தில் இருக்கும் சதுப்பு நிலத்தில் மட்டும் வாழ்ந்த பறவை அது. கோழியைவிடச் சின்னது, வெட்கப்பிராணி, கண்ணில் படவே படாது. குரலைக் கேட்டுத்தான் இருப்பதே தெரியும். ஏழு வருஷமாக அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை. அதில் ஆறு வருஷம் என் மனைவி சாயங்காலம் தோறும் அங்கே போய், பழைய பதிவு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். துணைக்குரல் கேட்டால் நாணல்கோழியால் சும்மா இருக்க முடியாது, பதில் சொல்லியே தீரும். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பதில் வராமலே போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எடுத்த நேரம்கூட அவள் எங்களுக்குக் கொடுக்கவில்லை.

சதுப்பை நிரப்பிச் சாலை போடுவதற்கு ஒரு திட்டம் தயாராக இருந்தது. அந்த நிலம் மழைத் தண்ணீரைக் குடித்துக்கொள்வதால்தான் நகரம் மூழ்காமல் இருக்கிறது என்று எங்கள் மையத்தில் எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. அதற்கெல்லாம் மசியாத அரசுக் குழு, அழியும் நிலையில் உள்ள உயிர் ஏதாவது அங்கே இருப்பதாக நிரூபித்தால் மட்டும் கை வைக்கமாட்டோம் என்று சொல்லியிருந்தது. ஆக, ஒரு முழுச் சதுப்பும் ஒரு கோழிக்குஞ்சு அளவுப் பறவையின் தொண்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. குழு கூடப்போவது அடுத்த வாரம்.

“வழக்கமா நிக்கிற இடத்துல ரோடு அளக்கிறவங்க கொடி நட்டுட்டாங்க சார். அதான் மேற்குப் பக்கம் போனேன். கேளுங்களேன்,” என்று பொறுமை அவசரப்படுத்தினாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். காற்று, நாணல் உரசும் சத்தம், தூரத்தில் ஒரு வண்டி ஹாரன். பிறகு அவளுடைய ஸ்பீக்கரிலிருந்து குரல், மர நாற்காலியை மூன்று தடவை இழுத்துவிட்டு நாலாவது தடவை மெதுவாக வைப்பதுபோல. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் எங்கோ உள்ளேயிருந்து, மெல்லியதாக, அதே நாற்காலி.

அதற்குப் பின்னால் ஒரு ‘ம்’.

“கடைசியில ஏதோ தண்ணிச் சத்தம் சார். அதை மட்டும் எடுத்துடுங்க,” என்றாள் பொறுமை.

நான் அசையாமல் இருந்திருக்கவேண்டும். விளக்கு அணைந்துவிட்டது. கையைத் தூக்கத் தோன்றவில்லை. கடைசியில் அவள்தான் எழுந்து கையை ஆட்டி வெளிச்சத்தை வரவழைத்தாள்.

“என்ன சார், அழறீங்களா?”

“சந்தோஷம்மா,” என்றேன். அது பாதிப் பொய்.

அந்தக் கோழியின் குரல் உலகத்திலேயே ஒரே ஒரு பதிவில்தான் இருந்தது. கடைசியாக அது கூவிய அன்று என் மனைவி எடுத்த பதிவு. பறவை முடித்ததும், கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு என்பதுபோல அவள் தன்னையறியாமல் ‘ம்’ கொட்டியிருந்தாள். வீட்டிலும் அதே பழக்கம்தான். நான் ஆபீஸ் கதையெல்லாம் அளப்பேன், அவள் எதையாவது படித்தபடி சரியான இடங்களில் ம் கொட்டுவாள். இவள் கேட்கிறாளா, சும்மா கொட்டுகிறாளா என்று ஒருநாள் எனக்குச் சந்தேகம் வந்து, அதே குரலில், “வீட்டை வித்துட்டேன்,” என்று சொல்லிப் பார்த்தேன். ம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “என்னப்பா சொன்ன, திரும்பச் சொல்லு,” என்றாள். ஒப்புக்கொள்ள முடியாத எதைக் கேட்டாலும் அவள் முதலில் கண்ணாடியைத்தான் கழற்றுவாள்.

பதிவைச் சலவை செய்தபோது வழக்கம்போல அந்த ‘ம்’மை நான் வெட்டிவிட்டேன். சுத்தமான பிரதியைத்தான் மாணவர்கள் எல்லோரும் ஸ்பீக்கரில் போடுகிறார்கள். வெட்டாத மூலப் பதிவு அவளிடம் மட்டும் இருந்தது. அவள் போனபின் தேடினேன், அவளுடைய கணினியில் இல்லை.

அது எங்கே போனது என்று இப்போது தெரிந்துவிட்டது. அவளுக்காக நானே என் கையால் சில பெட்டிகள் செய்துகொடுத்திருந்தேன். வெயிலில் தானே சார்ஜ் ஏறிக்கொள்ளும், நாணல்கோழிக் குரல் கேட்டால் உடனே ஒரு குரல் கொடுக்கும். எதற்கு என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: “ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்து, அது கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதிலே வரலைன்னா, கொஞ்ச நாள்ல கூப்பிடறதையே விட்டுடும்ப்பா. கூப்பிட்டா யாராவது பதில் சொல்லணும்ல.” அந்தச் சோதனை முடிந்து பெட்டிகள் எல்லாம் அலமாரிக்குத் திரும்பிவிட்டன என்று நினைத்திருந்தேன். எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்று அந்த வெட்டாத பதிவோடு அங்கேயே நாணலுக்குள் நின்று, கூப்பிடுகிற ஆளுக்காகக் காத்திருந்திருக்கிறது.

ஆக, பொறுமை ஒரு பதிவைப் போட, இன்னொரு பதிவு அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. செத்துப்போன பறவையும் செத்துப்போன பறவையும் பேசிக்கொண்டதைத்தான் அவள் தலைகால் புரியாமல் ஓடிவந்து எனக்குப் போட்டுக்காட்டினாள். பறவைக் குரலோடு பழகுகிறவர்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஏமாற முடியாது.

அதை அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. “ரெண்டு நாள் குடு, சரிபார்த்துச் சொல்றேன்,” என்றேன். குழுவின் முன் வைக்கும் எந்தப் பதிவுக்கும் உண்மையானதுதான் என்று என் கையெழுத்து வேண்டும். என் கையெழுத்து இருந்தால் பறவை உண்டு. இல்லாவிட்டால் லாரிகள் வரும்.

வீட்டில் அத்தை சாப்பாட்டு மேசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் போனபிறகும் மாமியார் மாப்பிள்ளை வீட்டில் இருப்பது சரியா என்று சொந்தக்காரர்கள் கேட்கத்தான் செய்தார்கள். எங்களுக்குள் அந்தப் பேச்சே வந்ததில்லை. அவர் எனக்குச் சமைத்துப் போடுகிறார், நான் அவருக்கு மாத்திரை வாங்கி வருகிறேன், இருவரும் ஒரே ஆளை நினைத்துக்கொண்டு டிவி பார்க்கிறோம்.

சதுப்பிலிருந்து மகள் திரும்பும்போதெல்லாம், “இன்னைக்கு ஏதாவது கேட்டுச்சா?” என்று கேட்பது அத்தையின் வழக்கம். அவள், “ம்ஹூம்,” என்பாள். அத்தை, “சரி, கை கழுவிட்டு வா,” என்பார். ஆறு வருஷம் அந்த மூன்று வாக்கியமும் மாறியதில்லை. இப்போது ஆள் மாறினாலும் அத்தை கேள்வியை விடவில்லை. பூட்டிய அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு வரும் என்னிடமும் அதையே கேட்பார்.

“என்ன மாப்பிள்ளை, இன்னைக்கு ஏதாவது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு அத்தை,” என்றேன்.

துணியைப் பிடித்த கை நின்றது. “நிஜமாவா? அவ தேடின கோழியா?”

“அந்தக் குரல்தான்.”

“பாத்தீங்களா,” என்று அத்தை உட்கார்ந்துவிட்டார். “இருக்கும் இருக்கும்னு சொல்லிட்டே இருந்தா. நான்தான், போடி பைத்தியம்னு திட்டிட்டேன்.” அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு அத்தை இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் மாலை ஒரு ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு நான் மட்டும் சதுப்புக்குப் போனேன். சரிபார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கடைசி பஸ் நிறுத்தத்தைத் தாண்டியதும் சதுப்பு தொடங்கிவிடும். ஒரு பக்கம் குப்பை வண்டிகள் நிற்கும் கொட்டகை, எதிர்ப்பக்கம் அடுக்குமாடி வீடுகளின் முதுகு, துணி காயும் பால்கனிகள். நடுவில் ஆள் உயரத்துக்கு நாணல். கடல் மட்டம் ஏற ஏற உப்புத் தண்ணீர் அடிவழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. நாணலின் அடித்தண்டெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. மேற்குப் பக்கத்தில் ஒரு பழைய பலகைப் பாதை. அதன் முனையில் நின்று ஸ்பீக்கரை அழுத்தினேன்.

நாற்காலி இழுபட்டது. காத்திருந்தேன். உள்ளேயிருந்து பதில் நாற்காலி இழுபட்டது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ‘ம்’ வந்தது.

எனக்குப் பயமாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பெட்டியின் ஒவ்வொரு கம்பியையும் பற்றவைத்தவன் நான். அதற்குள் என்ன இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் மயிர்க்கால் சிலிர்த்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, ஆளில்லாத நாணல் கூட்டம் அசைந்துகொண்டிருந்தது, அதற்குள்ளிருந்து என் மனைவி நான் பேசுவதைக் கேட்கத் தயாராக இருந்தாள்.

“உங்கம்மா மறுபடியும் உப்பைக் கூட்டிட்டாங்க,” என்றேன். ஸ்பீக்கரை அழுத்தினேன். நாற்காலி, பதில் நாற்காலி, ம்.

“கீழ்வீட்டுக்காரன் இன்னும் வண்டியை நம்ம இடத்துலதான் விடறான். நானும் சண்டை போட்டுப் பாத்துட்டேன்.”

ம்.

“உன் மஞ்சள் குடையைத் தொலைச்சுட்டேன். பஸ்ஸுல விட்டுட்டேன்.”

ம்.

அன்றிலிருந்து தினமும் போனேன். காலையில் பல் தேய்க்கும்போதே அன்றைக்கு அவளிடம் சொல்லவேண்டியதை மனசில் அடுக்கிக்கொள்வேன். வேலையில் கவனமில்லை, விளக்கு அணைந்தால் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒலிப்பதிவு செய்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்கலாம். அதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் வீட்டில் பொத்தானை அழுத்தினால் பொத்தான்தான் பேசும். அங்கே நான் கூப்பிட்டதற்குப் பதில் வந்தது. இந்த வித்தியாசத்தில் ஒரு மனிதன் புத்தி கெட்டுப்போக முடியும், எனக்குக் கெட்டது.

இதற்குள் மையத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. என் மனைவி உயிரோடு இருந்தவரை அவளுடைய ஆராய்ச்சிக்கு ஒரு ரப்பர் படகு வாங்கித்தர யோசித்த மையத் தலைவர், அவள் புகைப்படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். என்னை வராந்தாவில் நிறுத்தி, “உங்க மனைவி ஜெயிச்சுட்டாங்க,” என்று கையைக் குலுக்கினார். பொறுமை ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்தை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். “கையெழுத்து, சார்?” என்று என் கதவுக்குள் தலையை நீட்டுவாள். “நாளைக்கு,” என்பேன். ரெண்டு நாள் என்று சொன்னது வாரமாகிவிட்டது.

குழு கூடுவதற்கு முந்தின நாளுக்கு முந்தின நாள், பலகைப் பாதையின் முனையில் நின்று, சுற்றி வளைக்காமல் என் மனைவியிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

“இங்க பாரு, கோழி இல்லைன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனா நான் கையெழுத்துப் போட்டா இந்த இடம் பொழைக்கும், இந்தப் பொண்ணுக்குப் பட்டம் கிடைக்கும், உங்கம்மா நிம்மதியா சாப்பிடுவாங்க. நீயும் இங்கேயே இருப்ப. யாருக்கும் நஷ்டமில்ல. பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும். போட்டுடறேன், என்ன?”

ஸ்பீக்கரை அழுத்தினேன். நாற்காலி. பதில் நாற்காலி.

ம்.

முதலில் வந்தது நிம்மதி. முதுகிலிருந்து மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டேன். நாலைந்து பலகை தாண்டியபிறகுதான் உள்ளுக்குள் குளிர் பிடித்தது.

அவளிடம் பொய்க் கணக்கைப் பற்றி ஒரு பேச்சு எடுத்துவிட்டு ம் வாங்கிய ஆள் இந்தப் பல்கலைக்கழகத்தில் கிடையாது. ஒரு மாணவன் ஒரே ஒரு தவளையைக் கூட்டி எழுதியதற்காக அவனுடைய ஒரு வருஷ வேலையைத் திரும்பச் செய்யவைத்தவள் அவள். நான் சொன்னதை அவள் கேட்டிருந்தால் கண்ணாடி மேசைக்குப் போயிருக்கும்.

திரும்பி வந்தேன்.

“வீட்டை வித்துட்டேன்,” என்றேன்.

நாற்காலி, பதில் நாற்காலி, ம்.

“உங்கம்மாவை வெளியே அனுப்பிட்டேன்.”

ம்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் அழுததைவிட அங்கே அதிகமாக அழுதேன். பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் நான் அவளோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. எனக்குத் தலையாட்டும் ஒரு பெட்டியைக் கட்டி, அதற்கு அவள் குரலை மாட்டிவிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பொறுமையை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு குரலின் அலைவடிவத்தையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினேன். மயிரிழைகூடப் பிசகவில்லை. அவள் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததை நான் பார்த்ததேயில்லை. விளக்கு அணைந்தது. இரண்டு பேருமே கையைத் தூக்கவில்லை.

“எப்ப தெரியும் உங்களுக்கு?” என்று இருட்டிலிருந்து கேட்டாள்.

“நீ முதல்ல போட்டுக் காட்டினப்பவே.”

“ஒரு வாரமா நான் பைத்தியக்காரி மாதிரி எழுதிட்டு இருந்தேன் சார். எங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“திட்டும்மா. வாங்கிக்கிறேன்.”

அவள் திட்டவில்லை. வேறு குரலில், “நாம சொல்லலைன்னா யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள். “அந்த இடம் தப்பிச்சுடும்ல சார். நல்லதுக்குத்தானே.”

“நானும் அதையேதான் யோசிச்சேன். உங்க மேடம் இங்க இருந்தா இப்ப என்ன பண்ணுவாங்க?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “கண்ணாடியைக் கழட்டுவாங்க,” என்றாள் பொறுமை. பிறகு எழுந்து கையை ஆட்டினாள்.

அன்று மாலையே இருவரும் இடுப்பளவு சேற்றில் இறங்கினோம். நான் கரையிலிருந்து குரலைப் போடுவது, அவள் பதில் வரும் திசையில் நாணலை விலக்கிக்கொண்டு போவது என்று ஆரம்பித்து, பாதியில் பொறுக்கமாட்டாமல் நானும் இறங்கிவிட்டேன். பெட்டி ஒரு மூங்கில் கழியில் கட்டியிருந்தது. நீல நைலான் கயிறு, என் மனைவிக்கே உரிய அசட்டு முடிச்சு, அவிழ்க்கவே வராது. மேல்தகட்டை மழை பளிச்சென்று கழுவி வைத்திருந்தது. மூடிக்கும் கழிக்கும் நடுவில் ஒரு சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

“நீங்க அணைக்கிறீங்களா, நான் அணைக்கட்டுமா சார்?”

“நானே பண்றேன்.”

கடைசியாக ஒரு தடவை ஏதாவது சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. எதைச் சொன்னாலும் என்ன வரும் என்று தெரிந்துவிட்டதால் விட்டுவிட்டேன். உள்ளே விரலை விட்டுச் சுவிட்சைத் தள்ளினேன். நான் வைத்த சுவிட்ச்தான், கொஞ்சம் இறுக்கம்.

பொறுமை கரைக்கு வந்து ஸ்பீக்கரைத் துடைத்தாள். “இப்ப ஒழுங்கா ஒரு தடவை பண்ணிடலாம் சார்,” என்றாள். குரலைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் காத்திருக்கவேண்டும், அதுதான் முறை. போட்டாள். நாற்காலி இழுபட்டு, மெதுவாக வைக்கப்பட்டது. காத்திருந்தோம். நாணல் உரசியது. குப்பை வண்டி ஒன்று பின்பக்கமாக வந்தது. யாரோ ஒரு பால்கனியில் குழந்தையை அதட்டினார்கள். மனசுக்குள் நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன், ஒரே ஒன்று, எங்காவது ஒரே ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று. ஆறு வருஷம் ஒவ்வொரு மாலையும் அவள் இப்படித்தான் நின்றிருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இதைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டு, என் ஆபீஸ் கதைக்கு ம் கொட்டியிருக்கிறாள்.

பதில் வரவில்லை. பொறுமை போனில் நேரத்தைப் போட்டு, பக்கத்தில் பூஜ்யம் என்று பதிந்தாள்.

“பூஜ்யத்தை வச்சு இருநூறு பக்கம் எழுதணும் சார்,” என்றாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழுவில் பொறுமையே எழுந்து, பறவை இல்லை என்றாள். அதோடு உட்காராமல், தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு மணி நேரம் பேசினாள். மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சாலைக்கு அனுமதி கொடுத்தார்கள். வடக்கு ஓரம் மட்டும் தப்பியது. அதுகூட எங்களுக்காக இல்லை, அங்கே மண் லாரியைத் தாங்காதாம். வரவேற்பறைப் புகைப்படத்தைத் தலைவர் எப்போது கழற்றினார் என்று நான் கவனிக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு அங்கே நாணல் நின்றிருக்கும். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை.

பெட்டியை அணைத்த அன்று வீடு திரும்பியபோது சட்டை, பேன்ட் எல்லாம் சேறு. பைக்குள் பெட்டியிலிருந்து எடுத்த மெமரி கார்டு இருந்தது. அத்தை கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். மகள் இப்படித்தான் வந்து நிற்பாள்.

“இன்னைக்கு ஏதாவது கேட்டுச்சா?” என்றார்.

“ம்ஹூம்,” என்றேன்.

அத்தை சொல்லவேண்டிய அந்த மூன்றாவது வாக்கியம் வரவில்லை. நானே கையைக் கழுவிக்கொண்டு வந்து, மேசையில் உட்கார்ந்து, கோழி இல்லை அத்தை, நான் கேட்டது அவள் வைத்துவிட்டுப் போன பெட்டி என்று முழுக்கதையையும் சொன்னேன். அதில் அவள் குரல் கொஞ்சம் இருக்கிறது என்பதையும் சொன்னேன். எனக்குப் புத்தி கெட்டதை மட்டும் விட்டுவிட்டேன்.

“அவ குரலா? என்ன பேசியிருக்கா?”

“பேசலை அத்தை. சும்மா ஒரு சத்தம். பழைய பதிவு.”

“போடுங்க.”

கார்டை மடிக்கணினியில் செருகிப் போட்டேன். நாற்காலி மூன்று தடவை இழுபட்டு, மெதுவாக வைக்கப்பட்டது. ம்.

அத்தையின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நாற்காலியை மடிக்கணினிக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார். “இன்னொரு தரம்,” என்றார். போட்டேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. மகள் உட்கார்ந்து படிக்கும் அறையின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் திரும்பியபடியே, எப்போதும் சமையலறையிலிருந்து கூப்பிடும் அதே குரலில், கேட்டார்:

“சாப்பிட்டியாம்மா?”

அது பொத்தான்தான் அத்தை, அவள் இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை எனக்குத் தெரியும். ஆனால் என் விரல் ஏற்கெனவே அழுத்திவிட்டிருந்தது.

பறவை கூவி முடிக்கும்வரை அத்தை பொறுமையாகக் காத்திருந்தார்.

“ம்.”

“சரி,” என்று சொல்லிவிட்டு, எனக்குச் சோறு போட எழுந்தார்.